திரையில் தெரியும் காசு கைக்கு வருமா?



இந்த மாதம் என் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தையே எழுதுகிறேன். அதில் என் பிழையும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு உங்களுக்குப் புத்தி சொல்வது சரியில்லை.

எனக்கு ஓர் அக்கா இருக்கிறார். பெரியம்மாவின் மகள். 1977 இல் நடந்த வன்செயலின்போது பெரியம்மாவின் குடும்பம் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போனது. அப்போது அக்காவுக்கு நாலு வயது. அங்கேயே வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்தார். 2009 இல் கணவரை இழந்தார். முகாமில் இருந்துவிட்டு, 2010 இல் ஆறு வயது மகளோடு மறுபடியும் லயத்துக்கே வந்து சேர்ந்தார். போன இடத்திலும் ஒன்றும் மிஞ்சவில்லை, விட்டுவந்த இடத்திலும் ஒன்றும் இருக்கவில்லை. கொழுந்தெடுத்துத்தான் மகளை உயர்தரம் வரை படிக்க வைத்தார்.

மகளுக்கு நல்ல கெட்டித்தனம். ஆனால் வேலை கிடைக்கவில்லை. கொழும்புக்கு அனுப்ப அக்காவுக்கு மனமில்லை. 2025 இல் ஒருநாள் அவளுடைய கைத்தொலைபேசிக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. வீட்டிலிருந்தபடியே வேலை, வீடியோக்களுக்கு விருப்பம் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 150 ரூபா என்று இருந்தது. மூன்று வீடியோவுக்குப் போட்டாள். அன்று பின்னேரமே வங்கிக் கணக்கில் 450 ரூபா வந்துவிட்டது.

நான் ஹட்டனில் ஒரு தையல் பயிற்சி நிலையத்தில் கணக்கெழுதுகிறேன். ஆகவே குடும்பத்தில் காசு, கடிதம், படிவம் என்றால் என்னிடம்தான் வருவார்கள். அக்காவும் மகளும் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள்.

"பாருங்க சின்னம்மா, நெசமாவே காசு வந்துருச்சு" என்று பிள்ளை போனைக் காட்டினாள். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொன்னா சரி தங்கச்சி" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காசு வந்திருக்குத்தானே அக்கா, பொய்யா இருந்தா எதுக்குக் காசு போடப்போறான்?" என்றேன்.

அதுதான் என் பிழை. காசு வந்ததா என்று மட்டும் பார்த்தேன். யாருடைய காசு, ஏன் வந்தது என்று கேட்கவில்லை.

அடுத்த கிழமை அவர்கள் பிள்ளையை டெலிகிராம் குழுவொன்றில் சேர்த்து, ஓர் இணையத்தளத்தில் கணக்குத் திறக்க வைத்தார்கள். இனிப் பெரிய வேலை, அதற்கு முதலில் 5,000 ரூபா வைப்பிட வேண்டும் என்றார்கள். வைப்பிட்டாள். 6,500 ரூபாவாகத் திரும்பி வந்தது. பிறகு 25,000 ரூபா கேட்டார்கள். அக்கா சீட்டுக்காசை எடுத்துக் கொடுத்தார். இணையத்தளத்தில் பிள்ளையின் பெயருக்கு நேரே 38,000 ரூபா என்று காட்டியது. எடுக்கப்போனால் எடுக்க முடியவில்லை. இது குழு வேலை, கடைசிப் படி இன்னும் முடியவில்லை, 60,000 ரூபா போட்டால் மொத்தமும் வந்துவிடும் என்றார்கள். குழுவில் இருந்த மற்றவர்கள் "நான் போட்டேன், எனக்கு வந்தது" என்று வங்கிச் சீட்டுகளைப் படம் பிடித்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அன்று இரவு அக்கா என் வீட்டுக்கு மழையில் நனைந்துகொண்டு வந்தார். என்னுடைய ஒன்றரைப் பவுண் சங்கிலியை அடகு வைக்கக் கேட்டு வந்தார். "ரெண்டே நாளு தங்கச்சி, திருப்பித் தந்துருவேன்" என்றபோது அவருக்குக் குரல் நடுங்கியது.

சங்கிலியைக் கழற்றப் போனேன். கணக்கெழுதுகிற பழக்கத்தில், அதற்கு முன் வைப்பிட்ட பற்றுச்சீட்டுகளைக் காட்டச் சொன்னேன். 5,000 ரூபா ஓர் ஊரில் உள்ள ஓர் ஆணின் கணக்குக்குப் போயிருந்தது. 25,000 ரூபா வேறோர் ஊரில், வேறொரு வங்கியில், ஒரு பெண்ணின் கணக்குக்குப் போயிருந்தது. பெரிய வெளிநாட்டு நிறுவனம் என்றார்களே, நிறுவனத்தின் பெயரில் ஒரு கணக்குக்கூட இல்லையா? எனக்கு அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

பிள்ளையிடம் சொன்னேன்: "38,000 இருக்குன்னு காட்டுதுதானே. அதுல 5,000 மட்டும் எடுத்துத் தாங்கன்னு கேளு. 60,000ல அதக் கழிச்சிக்கிட்டு மிச்சத்தக் கட்டுறோம்னு சொல்லு." கேட்டாள். பதிலுக்குக் கோபமாக ஒரு செய்தி வந்தது. இன்று இரவுக்குள் கட்டாவிட்டால் கணக்கு முடக்கப்படும், போட்டதும் போய்விடும் என்று. உள்ள காசிலிருந்து ஐயாயிரத்தைத் தரமுடியாதவனிடம் காசு இருக்கிறதா? திரையில் இருந்தது வெறும் எண். அதை யாரும் எப்படியும் எழுதலாம்.

சங்கிலி தப்பியது. ஆனால் 30,000 ரூபா போட்டு 6,950 ரூபா திரும்பப் பெற்றதில், 23,050 ரூபா போனது போனதுதான். அப்போதைய அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் அது பதினேழு நாளுக்கும் சற்று மேலான உழைப்பு. மலையில் அட்டைக்கடி பட்டு, முதுகில் சுமந்து எடுத்த கொழுந்து.

சகோதரிகளே, இதில் ஆசைப்பட்டது தப்பு என்று அக்காவைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை தேடியது ஆசையா? ஒரு விஷயத்தை மட்டும் நான் பிறகு யோசித்துப் பார்த்தேன். போரும் இடப்பெயர்வும் நமக்குப் பல பழக்கங்களைப் பழக்கிவிட்டன. கோப்போடு யாராவது வந்தால் அடையாள அட்டைப் பிரதி கொடுப்போம். வங்கிப் புத்தகத்தின் பிரதி கொடுப்போம். காட்டிய இடத்தில் கையெழுத்து வைப்போம். ஏன், எதற்கு என்று கேட்டால் பட்டியலில் பெயர் விடுபட்டுவிடுமோ என்று பயந்து வாய்மூடி நிற்போம். நிவாரண வரிசையில் அப்படி நின்றோம், வேறு வழியும் இருக்கவில்லை. இன்று அதே அடக்கத்தோடு முகம் தெரியாதவன் அனுப்பும் படிவத்தையும் நிரப்புகிறோம். அவனிடம் கேள்வி கேட்க நாம் பயப்படத் தேவையில்லை. கேட்டால் நமக்கு நட்டம் எதுவும் இல்லை.

கேட்கவேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான். இந்தக் காசு யாருடைய கையிலிருந்து வருகிறது?

நாம் பிடிக்கிற சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் மாதம் இரண்டாயிரம் போட்டால் ஒருவருக்கு இருபதாயிரம் கிடைக்கும். அது யாருடைய காசு என்று எல்லோருக்கும் தெரியும். கூடவும் வராது, குறையவும் வராது. கொழுந்தெடுத்தால் சம்பளம் வரும். தேயிலையை விற்ற காசு அது. எங்கள் நிலையத்தில் தையல் பழகிய ஒரு பிள்ளை துணிப்பை தைத்துப் பேஸ்புக்கில் படம் போட்டு விற்கிறாள். பையை வாங்கியவர் காசு தருகிறார். இணையத்தில் உழைப்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. உண்மையான வேலையில் நாம் செய்ததை வாங்கிப் பயன்படுத்துகிற ஒருவர் இருப்பார். வீடியோவுக்கு விருப்பம் போடுவதற்கு 150 ரூபா கொடுத்து யாருக்கு என்ன லாபம்? விடை இல்லை என்றால் அந்த 450 ரூபா தூண்டிலில் மாட்டிய புழு.

இது புதிய தந்திரமும் அல்ல. 1920 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் சார்ள்ஸ் பொன்சி என்பவர், 45 நாளில் நூற்றுக்கு ஐம்பது வீதம் லாபம் தருவதாகச் சொல்லிப் பணம் சேர்த்தார். முதலில் போட்டவர்களுக்குச் சொன்னபடியே கொடுத்தார். அது பின்னால் வந்தவர்கள் போட்ட பணம். கடைசியில் எல்லாம் சரிந்தது.

நம் நாட்டிலும் நடந்தது. எம்.ரி.எப்.ஈ. என்றொரு கைத்தொலைபேசிச் செயலி, செயற்கை நுண்ணறிவு நமக்காக வெளிநாட்டு நாணய வியாபாரம் செய்து தினமும் லாபம் தரும் என்றது. ஆளைச் சேர்த்தால் மேலதிகமாகத் தரும் என்றது. 2023 ஓகஸ்ட் மாதம் இலங்கை மத்திய வங்கி அதைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டமென அறிவித்தது. அதே மாதம் அந்தச் செயலியில் பணம் எடுக்க முடியாமல் போனது. பலருடைய கணக்கில் மீதி இருந்த இடத்தில் கடன் காட்டியது. அந்தக் கடனை அவர்களே கட்ட வேண்டும் என்றும் கேட்டார்கள். இலங்கையில் மட்டுமல்ல, பங்களாதேஷிலும் நைஜீரியாவிலும் பெருந்தொகையானோர் பணத்தை இழந்தார்கள். ஒன்மெக்ஸ் டி.ரி. என்ற இணைய நிறுவனத்தின் பெயரும் 2023 இல் மத்திய வங்கி வெளியிட்ட பட்டியலில் இருந்தது.

காசு வந்தவர்கள் சாட்சி சொல்கிறார்களே என்று நினைக்கலாம். தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில், விளம்பரம் பார்த்தால் பணம் தருவதாகச் சொன்ன மைவி3 அட்ஸ் என்ற நிறுவனத்தின் மீது 2024 ஜனவரியில் பொலிஸார் வழக்குப் பதிந்தார்கள். அப்போது ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் ஒன்றுகூடி அந்த நிறுவனத்துக்கு ஆதரவாக நின்றார்கள். அவர்கள் பொய் சொல்ல வந்தவர்கள் அல்லர். தங்களுக்குக் கிடைத்ததைச் சொன்னார்கள். ஒருவருக்குக் காசு கிடைத்தது என்பது அவருக்குக் கிடைத்தது என்பதை மட்டும்தான் காட்டும். அடுத்தவருக்கும் கிடைக்கும் என்பதற்கு அது சாட்சியாகாது. என் 450 ரூபாச் சாட்சியும் அப்படிப்பட்டதுதான்.

இரண்டாவது கேள்வி: ஆளைச் சேர்த்தால் காசு என்கிறார்களா? மலையகத்துப் பெண்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. நம் முப்பாட்டன்மாரைத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கூட்டிவந்த கங்காணிக்கு, வேலைக்கு இறங்கிய ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு கிடைத்தது. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டியதாக நம் பெரியவர்கள் சொல்வார்கள். வந்து இறங்கியபோது கிடைத்தது முற்பணக் கடன். 1921 இல் ஒழிக்கப்படும் வரை, அந்தக் கடன் எழுதிய துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்கு மாறவும் முடியாமல் இருந்தது. கங்காணியும் பலருக்குச் சொந்தக்காரர்தான், ஊர்க்காரர்தான். அதனால்தான் நம்பினார்கள்.

கணக்கும் பார்ப்போம். ஒருவர் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும் என்று வையுங்கள். அந்த ஆறு பேர் 36 பேரை, அவர்கள் 216 பேரை, அவர்கள் 1,296 பேரைச் சேர்க்க வேண்டும். நாலாவது படியிலேயே தோட்டத்தில் ஆள் முடிந்துவிடும். பத்தாவது படியில் ஆறு கோடிப் பேர் வேண்டும். இலங்கையின் மொத்தச் சனத்தொகையே இரண்டே கால் கோடிக்கும் குறைவு. ஆகவே கடைசியில் சேர்கிறவர்கள் இழந்தே தீருவார்கள். அந்தக் கடைசி ஆட்கள் நம் பக்கத்து லயத்துப் பெண்களாக இருப்பார்கள்.

இதைச் சட்டமும் தடுக்கிறது. 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின்படி பிரமிட் திட்டம் நடத்துவது குற்றம். அதை ஊக்குவிப்பதும் விளம்பரம் செய்வதும் குற்றம். தண்டமும் சிறையும் உண்டு. தெரியாமல் நாலு பேரைச் சேர்த்துவிட்டாலும் மாட்டுப்படலாம்.

மூன்றாவது கேள்வி: வேலை தருகிறவர் நம்மிடம் காசு கேட்கிறாரா? பிரட்டுக்களத்தில் பெயர் பதிய யாராவது காசு கேட்டால் கொடுப்போமா? பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், வைப்பு, வரி, கணக்கைத் திறக்கும் கட்டணம் என்று பெயர் எதுவானாலும், காசு நம் கையிலிருந்து முதலில் போகிறதென்றால் அங்கேயே நில்லுங்கள். தனியாள் ஒருவரின் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் இன்னும் மோசம்.

நாலாவது: எந்த அனுமதி இருக்கிறது? இங்கேதான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். கம்பனிப் பதிவுச் சான்றிதழைப் படம் பிடித்து அனுப்புவார்கள். 2007 ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் கீழ் யாரும் ஒரு கம்பனியைப் பதியலாம். அது பிறப்புச் சான்றிதழைப் போன்றது. பிறப்புச் சான்றிதழ் இருப்பவர் எல்லோரும் பஸ் ஓட்ட முடியாது, அதற்கு வேறு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதுபோலப் பொதுமக்களிடம் வைப்புப் பணம் வாங்குவதற்கு மத்திய வங்கியின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பட்டியலும், தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலும் மத்திய வங்கியிடம் உண்டு. 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். தடைப்பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக நல்லதென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இவர்கள் மாதத்துக்கு ஒரு பெயர் மாற்றுகிறார்கள். அனுமதிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இணையத்தளத்தின் முகவரியில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று பிள்ளைகள் சொல்வார்கள். நம் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் போகும் தகவலை வழியில் மற்றவர் படிக்க முடியாது என்பதைத்தான் அந்தப் பூட்டு சொல்கிறது. அந்தப் பக்கம் இருப்பவர் நல்லவரா என்பதைச் சொல்லாது. பெரிய நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி முகவரி வைப்பதும் உண்டு. எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தராசு முள்ளைப் பார்க்கிற கண் நமக்கு இருக்கிறதே, அந்தக் கண்ணால் பாருங்கள்.

கடைசியாக: அவசரப்படுத்துகிறார்களா, வீட்டில் சொல்லாதே என்கிறார்களா? நல்ல வேலை நாளைக்கும் இருக்கும். ஓர் இரவு தூங்கி எழுந்து, இன்னொருவரிடம் சொல்லிவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

ஏற்கெனவே காசைப் போட்டுவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. போட்டதை எடுப்பதற்காக இன்னும் போடாதீர்கள். செய்திகள், தொலைபேசி இலக்கங்கள், வங்கிச் சீட்டுகள் எதையும் அழிக்காதீர்கள். உடனே உங்கள் வங்கிக்குப் போய் எழுத்தில் கொடுங்கள், எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இணைய மோசடி பற்றி இலங்கை கணினி அவசரத் தயார்நிலை அணியினரிடம் 101 என்ற இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். வந்த இரகசிய இலக்கத்தை யாருக்கும் சொல்லாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கை இரண்டு நாளைக்குத் தரச்சொல்லிக் கமிஷன் தருவதாகக் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். அக்காவின் காசு போய் விழுந்த அந்தப் பெண்ணின் கணக்கும் அப்படி இரவல் வாங்கியதாக இருக்கக்கூடும். பொலிஸ் தேடி வரும்போது வாசலில் நிற்பது அவளாகத்தான் இருக்கும். இழந்ததை மீட்டுத் தருகிறேன், கட்டணம் மட்டும் கொடு என்று வருகிறவனும் அதே கூட்டம்தான்.

அக்காவும் நானும் வங்கியில் எழுத்தில் கொடுத்தோம், பொலிஸிலும் முறைப்பாடு செய்தோம். இதை எழுதும்வரை காசு திரும்பவில்லை. பிள்ளை பல நாள் சாப்பிடாமல் இருந்தாள். அக்கா அவளை ஒரு வார்த்தை ஏசவில்லை. "உசிரோட வந்தோம், காசுதானே போச்சு" என்றார். நானும் அவளிடம், முதலில் பிழைவிட்டது நான்தான் என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவள் வாய்திறந்து அழுதாள்.

பிறகு ஒரு நல்ல காரியம் செய்தாள். அந்தக் குழுவில் தான் சேர்த்துவிட்டிருந்த இரண்டு சிநேகிதிகளின் வீட்டுக்குத் தாயையும் கூட்டிக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னாள். ஒருத்தி அடுத்த நாள் 25,000 ரூபா கட்ட இருந்தாளாம். அது தப்பியது.

வெட்கப்பட்டு நாம் மறைக்கிற ஒவ்வொரு கதையும் அவர்களுக்குத்தான் உதவும். உங்கள் சங்கத்தில், சீட்டுப் பிடிக்கிற இடத்தில், கோயில் வாசலில் இதைப் பேசுங்கள். யாராவது போனைக் காட்டி "காசு வந்திருக்கு" என்றால், நான் கேட்காமல் விட்ட கேள்வியை நீங்கள் கேளுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.